மூன்று தளங்களுக்கும் ஒரே நிரல்: இடைமுகக் கருவித்தொகுதியைத் தேர்ந்தெடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் ஓடும் மேசைக்கணினி மென்பொருளை எழுதத் தொடங்குபவர்கள், குறிப்பாகத் தனியாகவோ மூன்று நான்கு பேர் கொண்ட குழுவாகவோ வேலை செய்பவர்கள், என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களில் பெரும்பகுதி, பில்லிங் மென்பொருளும் நூலகப் பட்டியல் மென்பொருளும் எழுதிப் பல ஆண்டுகள் பராமரித்ததில் கற்றவை. தமிழில் தரவு உள்ளிட்டுத் தமிழில் அச்செடுக்கும் பயனர்களை மனத்தில் வைத்தே எழுதியிருப்பதால், வழக்கமான ஒப்பீட்டு அட்டவணைகளில் இடம்பெறாத சில விஷயங்களுக்கு இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கருவித்தொகுதி என்ன வேலையைச் செய்கிறது? அது இல்லாமல் எழுத முடியாதா?

முடியும். விண்டோஸுக்கு வின்32, மேக்குக்குக் கோகோ என ஒவ்வொரு தளமும் சாளரங்களையும் பொத்தான்களையும் உருவாக்கத் தனக்கென ஒரு நிரலகம் வைத்திருக்கிறது. ஆனால் ஒரே மென்பொருளை மூன்று முறை எழுதி, மூன்றையும் ஆண்டுக்கணக்கில் ஒரே நிலையில் வைத்திருப்பது சிறு குழுவால் ஆகிற காரியம் அன்று. அந்த வேறுபாடுகளைத் தன்னுள் ஏற்றுக்கொண்டு, இங்கே ஒரு பொத்தான் வேண்டும் என்று நாம் ஒருமுறை எழுதினால் மூன்று இடத்திலும் வரச் செய்வதே கருவித்தொகுதியின் வேலை.

இதை அவை மூன்று வழிகளில் செய்கின்றன. டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ், பாஸ்கல் மொழியில் எழுதுவோருக்கான லசாரஸின் எல்சிஎல், ஜாவாவுக்கான எஸ்டபிள்யூடி போன்றவை அந்தந்தத் தளத்தின் சொந்தப் பொத்தானையே வரவழைக்கின்றன. க்யூட், ஜிடிகே, ஜாவாஎஃப்எக்ஸ், ஃப்ளட்டர், அவலோனியா போன்றவை தளத்திடமிருந்து வெற்றுச் சாளரத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, உள்ளே இருக்கும் அனைத்தையும் தாமே வரைகின்றன. எலக்ட்ரானும் டாரியும் சாளரத்துக்குள் ஒரு வலை உலாவியை வைத்து, இடைமுகத்தை ஒரு வலைப்பக்கமாகக் காட்டுகின்றன. முதல் வகையில் தளத்தின் வசதிகள் தாமாகவே வந்துசேரும். ஆனால் ஒரு தளத்தில் சரியாக இருக்கும் பட்டியல் இன்னொன்றில் சற்றே வேறு விதமாக நடந்துகொள்ளும். இரண்டாம் வகையில் எங்கும் ஒரே தோற்றம் கிடைக்கும். ஆனால் எழுத்தை வரைவது முதல், பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துச் சொல்லும் நிரலான திரைவாசிப்பானுக்குத் தகவல் தருவது வரை எல்லாவற்றையும் அந்தக் கருவித்தொகுதியே செய்தாக வேண்டும். அது செய்யாமல் விட்டதை நம்மால் எளிதில் ஈடுகட்ட முடியாது. மூன்றாம் வகைக்கு உலாவியின் பலமும் சுமையும் சேர்ந்தே வருகின்றன. நீங்கள் எந்த வகையைத் தொடுகிறீர்கள் என்று தெரிந்தாலே, பின்னால் வரப்போகும் சிக்கல்களில் பாதியை முன்கூட்டிச் சொல்லிவிடலாம்.

எதை வைத்துத் தேர்வைத் தொடங்குவது?

உங்கள் மென்பொருள் செய்ய வேண்டியவற்றில் மிகக் கடினமானது எதுவோ, அதிலிருந்து தொடங்குங்கள். பொத்தானும் உரைப்பெட்டியும் எல்லாக் கருவித்தொகுதிகளிலும் இருப்பதால், அவற்றை வைத்து ஒப்பிடுவதில் பயன் இல்லை. கடினமானவை வேறு: ஐம்பதாயிரம் வரிகள் கொண்ட அட்டவணையைத் தடங்கலின்றி நகர்த்துவது, தமிழ்ப் பெயர்களைத் தட்டச்சு செய்து தேடுவது, பில்லை அச்சடிப்பது, நான்கு ஜிபி நினைவகம் கொண்ட பழைய கணினியில் காலை முதல் மாலை வரை மூடாமல் ஓடுவது.

ஏதேனும் இரண்டு கருவித்தொகுதிகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் ஒதுக்கி, ஒரே படிவத்தை இரண்டிலும் எழுதிப் பாருங்கள். அந்தப் படிவத்தில் ஒரு தமிழ் உரைப்பெட்டி, ஒரு பெரிய அட்டவணை, ஓர் அச்சுப் பொத்தான் ஆகிய மூன்றும் இருக்கட்டும். எழுதி முடித்ததும் உங்கள் கணினியிலேயே ஓட்டிப் பார்த்துத் திருப்தி அடையாமல், பொதியாகக் கட்டி, பயனரிடம் இருப்பதிலேயே பழைய கணினிக்கு எடுத்துச் சென்று நிறுவிப் பாருங்கள். அந்த இரண்டு நாள்களில் தெரியவருவது, இரண்டு வாரம் ஒப்பீட்டுக் கட்டுரைகளைப் படித்தாலும் தெரியவராது.

தமிழ் எழுத்துகள் எல்லாவற்றிலும் சரியாகத் தெரியுமா?

தெரியாது. இன்று யூனிகோட் எங்கும் இருப்பதால் இந்தக் கேள்வியே தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். யூனிகோடைச் சேமிப்பதும் அதைச் சரியாக வரைவதும் வெவ்வேறு வேலைகள் என்பதை அவர்கள் கவனிப்பதில்லை.

'கொடி' என்ற சொல்லின் முதல் எழுத்தை எடுத்துக்கொள்வோம். கோப்பில் அது இரண்டு குறிகள்: ககரம் ஒன்று, ஒகர உயிர்க்குறி ஒன்று. திரையில் அதே எழுத்து மூன்று வடிவங்களாக விரிய வேண்டும்: இடப்பக்கம் கொம்பு, நடுவில் ககரம், வலப்பக்கம் கால். கோப்பில் பின்னால் வரும் குறியின் ஒரு பாதி திரையில் முன்னால் வந்து நிற்கிறது. இந்த மாற்றத்தைச் செய்யும் வேலைக்கு ஷேப்பிங் என்று பெயர். க்ரோமியம், ஃபயர்ஃபாக்ஸ், ஆண்ட்ராய்டு, க்யூட், ஜிடிகே பயன்படுத்தும் பாங்கோ ஆகிய அனைத்தும் இதற்கு ஹார்ஃப்பஸ் என்ற கட்டற்ற, அதாவது யாரும் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் கூடிய, நிரலகத்தை நம்பியிருக்கின்றன. ஆகவே க்யூட், ஜிடிகே, க்ரோமியத்தைத் தன்னுள் கொண்ட எலக்ட்ரான், ஃப்ளட்டர் ஆகியவற்றில் தமிழ் வாசிக்கத்தக்க விதத்தில் வரும். தளத்தின் சொந்தப் பொத்தான்களைப் பயன்படுத்துபவற்றிலும் தளமே அதைப் பார்த்துக்கொள்ளும்.

சிக்கல் வருவது இரண்டு இடங்களில். டிகே என்ற பழைய கருவித்தொகுதியின் 8.6ஆம் பதிப்பு, விண்டோஸில் தமிழைச் சரியாகவே காட்டும். அதே நிரலை லினக்ஸில் ஓட்டினால் கொம்பு இடம் மாறி, எழுத்துகள் உதிரியாக நிற்கும், ஏனென்றால் அங்கே அது ஷேப்பிங் செய்வதில்லை. விளையாட்டு உருவாக்குநர்களிடம் செல்வாக்குப் பெற்ற டியர் இம்ஜியூஐ எந்தத் தளத்திலும் ஷேப்பிங் செய்வதில்லை. இவை தம்மளவில் நல்ல கருவிகளே. ஆனால் தமிழ் காட்ட வேண்டிய மென்பொருளுக்கு அவற்றைத் தேர்ந்தெடுத்தால், வேலை முக்கால்வாசி முடிந்த பிறகு திரும்பி வர வேண்டியிருக்கும்.

சோதனைக்கு என்னிடம் ஒரு வரி உண்டு. எந்தக் கருவித்தொகுதியை எடுத்தாலும் முதலில் அதைத்தான் ஓர் உரைப்பெட்டியில் ஒட்டிப் பார்ப்பேன்: 'ஸ்ரீரங்கம் கொடுக்கல் வாங்கல் பௌர்ணமி பக்ஷி தூது கீற்று'. கொம்பும் காலும் இடம் மாறாமல் நிற்கின்றனவா, ககரமும் ஷகரமும் ஒன்றாக இணைகின்றனவா, 'கீ'யின் மேற்சுழியும் 'தூ'வின் கீழ்ச்சுழியும் வெட்டுப்படாமல் முழுதாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். ஆங்கில எழுத்தின் உயரத்துக்கு அளவெடுத்த பெட்டிகளில் கடைசிக் குறை அடிக்கடி நேரும்.

காட்டுவது சரி, தட்டச்சு செய்வது?

இது தனிச் சோதனை. தமிழ்99 விசைப்பலகையில் தட்டும்போது, விசைகளை எழுத்தாக மாற்றித் தருவது ஓர் உள்ளீட்டு நிரல். லினக்ஸில் பெரும்பாலும் ஐபஸ் அல்லது எஃப்சிட்டிக்ஸ். கருவித்தொகுதிக்கு அந்த நிரலோடு பேசத் தெரிந்திருக்க வேண்டும். க்யூட் இதற்காகச் செருகிகள் எனப்படும் துணை நிரல்களைப் பயன்படுத்துகிறது. ஆனால் உங்கள் பொதிக்குள் நீங்கள் சேர்த்துக் கட்டும் க்யூட்டில் பயனரின் உள்ளீட்டு நிரலுக்குரிய செருகி இல்லையென்றால், கணினியில் மற்ற எல்லா மென்பொருளிலும் தமிழ் வரும், உங்களுடையதில் மட்டும் வராது. எஃப்சிட்டிக்ஸ் பயனர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. மென்பொருளை உருவாக்கும் கணினியில் தளத்தின் சொந்த க்யூட் இருப்பதால், உருவாக்குபவருக்கு இந்தக் குறை கண்ணில் படுவதே இல்லை.

தேடலும் வரிசைப்படுத்தலும் கருவித்தொகுதியின் பொறுப்பா?

ஓரளவுக்கு. யூனிகோட் அட்டவணையில் னகரம் நகரத்துக்கு அடுத்தும், றகரம் ரகரத்துக்கு அடுத்தும் வைக்கப்பட்டுள்ளன. குறி எண்ணை வைத்து நேரடியாக வரிசைப்படுத்தினால் னகரம் பகரத்துக்கு முன்னால் வந்துவிடும். நம் அகராதி வரிசையிலோ அது மெய்களில் கடைசி. மொழியறிந்து வரிசைப்படுத்தும் வசதி க்யூட்டில் கியூகொலேட்டர் என்ற வகுப்பாகவும், எலக்ட்ரானில் ஜாவாஸ்கிரிப்டின் இன்டல் வசதியாகவும் கிடைக்கிறது. ஒகர உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம் என்பதால், தேடலுக்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். 'ஸ்ரீ'க்கும் இரண்டு எழுத்துமுறைகள் புழக்கத்தில் உள்ளன. அவற்றைப் பொதுவான இயல்பாக்க விதிகள் ஒன்றாக்குவதில்லை என்பதால் நீங்களே கையாள வேண்டும். ஸ்ரீதர், ஸ்ரீவித்யா என்று பெயர்கள் நிறைந்த உறுப்பினர் பட்டியலில் இதைச் செய்யாமல் விட்டால், பதிவு இருந்தும் தேடலில் அகப்படாது.

க்யூட் இலவசமா? அதைப் பயன்படுத்தினால் என் நிரலை வெளியிட வேண்டுமா?

அதிகம் குழப்பம் நிலவும் கேள்வி இது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். Qt என்று எழுதப்படும் பெயரை அதன் உருவாக்குநர்கள் 'க்யூட்' என்றே உச்சரிக்கிறார்கள். நார்வேயில் ஹாவர்ட் நோர்ட், ஐரிக் ஷாம்ப் எங் என்ற இருவர் தொடங்கிய பணி அது. 1995 மே மாதம் முதல் பொது வெளியீடு வந்தது. 1996இல் தொடங்கிய கேடிஇ என்ற லினக்ஸ் மேசைச்சூழல் க்யூட்டின் மேல் கட்டப்பட்டது. அப்போது க்யூட்டின் உரிமம் முழுமையாகக் கட்டற்றதாக இல்லாததால் எழுந்த சர்ச்சையில்தான், 1997இல் ஜிடிகேயின் மேல் க்னோம் என்ற மாற்று மேசைச்சூழல் திட்டம் தோன்றியது. 2000இல் லினக்ஸுக்கான க்யூட் ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் வந்தது. தன்னைச் சேர்த்துக்கொண்டு வெளியிடும் மென்பொருளும் மூலநிரலோடு அதே உரிமத்தில் வர வேண்டும் என்று கேட்பது அது. நோக்கியா வாங்கிய பிறகு, 2009இல் 4.5ஆம் பதிப்பிலிருந்து, அதைவிடத் தளர்வான எல்ஜிபிஎல் உரிமமும் சேர்ந்தது.

இன்றைய நிலையில் க்யூட்டின் முக்கியப் பகுதிகள் எல்ஜிபிஎல் மூன்றாம் பதிப்பிலும், வணிக உரிமத்திலும் கிடைக்கின்றன. எல்ஜிபிஎல் வழியில் போனால் உங்கள் சொந்த நிரலை வெளியிட வேண்டியதில்லை, விலைக்கும் விற்கலாம். ஆனால் கடமைகள் உண்டு. க்யூட்டைப் பயன்படுத்தியிருப்பதைச் சொல்லி உரிம உரையைச் சேர்த்துத் தர வேண்டும். பயன்படுத்திய க்யூட்டின் மூலநிரலும், அதில் நீங்கள் திருத்தம் செய்திருந்தால் அந்தத் திருத்தமும் பயனருக்குக் கிடைக்க வேண்டும். பயனர் விரும்பினால் அந்த க்யூட்டை எடுத்துவிட்டு வேறு க்யூட்டைப் பொருத்தி உங்கள் மென்பொருளை ஓட்ட முடிய வேண்டும். கடைசி நிபந்தனையை நிறைவேற்ற எளிய வழி, க்யூட்டை உங்கள் நிரலுக்குள் உருக்கிச் சேர்க்காமல் தனிக் கோப்புகளாகவே வைத்துத் தருவது.

இரண்டு இடங்களில் கால் வைக்கும் முன் பார்க்க வேண்டும். க்யூட் சார்ட்ஸ் போன்ற சில பகுதிகள் எல்ஜிபிஎல்லில் இல்லை. ஜிபிஎல் அல்லது வணிக உரிமம் மட்டுமே. விற்பனை மென்பொருளில் ஒரு வரைபடம் காட்ட அதைச் சேர்த்துக்கொண்டால், மொத்த மென்பொருளின் உரிமத்தையும் அது மாற்றிவிடும். அடுத்தது, நீண்டகால ஆதரவுப் பதிப்புகளின் பிற்கால ஒட்டுகள் (பிழைதிருத்தங்கள்) வணிக உரிமம் வாங்கியவர்களுக்கே முதலில் போகும் என்று 2020 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. ஆகவே கட்டற்ற க்யூட்டை நம்புபவர் புதிய பதிப்புகளோடு நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். ஒருநாள் இது முழுவதுமாக மூடப்பட்டுவிட்டால் என்ன செய்வது என்ற அச்சத்துக்கு, 1998இல் அமைக்கப்பட்ட கேடிஇ ஃப்ரீ க்யூட் அறக்கட்டளை பதிலாக இருக்கிறது. கட்டற்ற வெளியீடு நின்றுபோனால், க்யூட்டைத் தாராளமான உரிமத்தில் வெளியிடும் உரிமையை ஒப்பந்தம் அதற்குத் தந்திருக்கிறது.

க்யூட்டிலேயே விட்ஜெட்ஸா, கியூஎம்எல்லா?

க்யூட்டில் இடைமுகம் எழுத இரண்டு வழிகள் இவை: விட்ஜெட்ஸ் என்பவை ஆயத்தப் பொத்தான்களும் பெட்டிகளும், கியூஎம்எல் என்பது இடைமுகத்தை விவரித்து எழுதும் தனி மொழி. படிவங்களும் அட்டவணைகளும் நிறைந்த அலுவலக மென்பொருளுக்கு விட்ஜெட்ஸ். தொடுதிரை, அசைவூட்டம், வாகனத் திரை போன்றவற்றுக்குக் கியூஎம்எல். ஐயம் இருந்தால் விட்ஜெட்ஸில் தொடங்குங்கள்.

ஜிடிகே லினக்ஸுக்கு மட்டும்தானா?

விண்டோஸிலும் மேக்கிலும் ஓடும். ஆனால் அதன் வீடு லினக்ஸ்தான். கிம்ப் என்ற படத் திருத்தியை மோட்டிஃப் என்ற தனியுரிமைக் கருவித்தொகுதியிலிருந்து விடுவிப்பதற்காக அதன் உருவாக்குநர்களே எழுதியது ஜிடிகே. இப்போதைய நான்காம் பதிப்பு 2020 டிசம்பரில் வந்தது. பயனர்களில் பெரும்பாலோர் க்னோம் சூழலில் இருந்தால், அதைவிட இயல்பாகப் பொருந்தும் கருவித்தொகுதி வேறு இல்லை. பெரும்பாலோர் விண்டோஸில் இருந்தால் நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே அதைத் தொகுப்பதும் (கம்பைல் செய்வதும்), பொதியாக்குவதும், கோப்பு திறக்கும் பெட்டி அந்தத் தளத்துக்கு அந்நியமாக இல்லாமல் பார்த்துக்கொள்வதும் தொடர் வேலையாக இருக்கும்.

டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ் பழையதாகிவிட்டது என்கிறார்களே?

வயதாகிவிட்டது உண்மை. 1992இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்மார்ட் தொடங்கியது அது. ஆனால் இன்றும் ஃபைல்ஜில்லாவும் மின்சுற்று வடிவமைப்பு மென்பொருளான கிகேடும் அதில்தான் ஓடுகின்றன. உரிமம் எல்ஜிபிஎல்லைவிடத் தளர்வானது. உங்கள் நிரலுக்குள் உருக்கிச் சேர்த்தாலும் கேள்வி இல்லை. அதன் நிரலெழுதும் பாணி பழைய காலத்துடையது, ஆவணங்களும் க்யூட் அளவுக்குச் செழுமையாக இல்லை. இருந்தும் இதை நான் மதிப்பதற்கு ஒரு காரணம் உண்டு: பார்வையற்றோர் விண்டோஸில் பயன்படுத்தும் என்விடிஏ என்ற கட்டற்ற திரைவாசிப்பானின் சொந்த இடைமுகம், இதன் பைத்தான் வடிவமான டபிள்யூஎக்ஸ்பைத்தானில் எழுதப்பட்டது.

பார்வையற்றவர்கள் என் மென்பொருளைப் பயன்படுத்த வேண்டுமானால்?

வேண்டுமானால் என்ற சொல்லே தேவையில்லை. நூலகம், வங்கி, அரசு அலுவலகம், பள்ளி என எங்கே போகும் மென்பொருளாக இருந்தாலும் அதை ஒரு பார்வையற்ற ஊழியர் திறக்கும் நாள் வரும். அன்று அவர் வேலை செய்ய முடியாமல் போனால் அதற்குக் காரணம் நாம் ஆண்டுகளுக்கு முன் செய்த தேர்வாக இருக்கும்.

திரைவாசிப்பான் படத்தைப் பார்ப்பதில்லை. இது பொத்தான், இதன் பெயர் 'சேமி', இது இப்போது அழுத்தத்தக்க நிலையில் இருக்கிறது என்ற தகவலைக் கருவித்தொகுதியிடம் கேட்டு வாங்கி வாசிக்கிறது. தளத்தின் சொந்தப் பொத்தான்களைப் பயன்படுத்தினால் அந்தத் தகவல் தானாகக் கிடைக்கும். க்யூட் விட்ஜெட்ஸ் மூன்று தளங்களிலும் அதைத் தருகிறது. நீங்களே வரைந்த விட்ஜெட்டுகளுக்கு மட்டும் பெயரையும் பங்கையும் எழுதித் தர வேண்டும். எலக்ட்ரானில் முறையான எச்டிஎம்எல் பொத்தான்களை வைத்தால் நன்றாகவே வாசிக்கும். வண்ணமடித்த வெற்றுப் பெட்டியைப் பொத்தானாக்கினால் வாசிக்காது. டிகேயில் அமைந்த சாளரம் திரைவாசிப்பானுக்கு ஏறத்தாழ வெறுமையாகவே இருக்கும். ஜிடிகே 4, லினக்ஸின் திரைவாசிப்பானான ஆர்க்காவோடு நன்றாகப் பேசும்; விண்டோஸில் நீண்டகாலம் இந்த வசதி இல்லாமலே இருந்தது. என்விடிஏ இலவசம் என்பதால், அதை நிறுவி, திரையை அணைத்துவிட்டு, விசைப்பலகையால் மட்டும் உங்கள் படிவத்தில் ஒரு பதிவைச் சேர்க்க முடிகிறதா என்று தேர்வுக்கு முன்பே பாருங்கள்.

எலக்ட்ரான் கனமானது என்கிறார்கள். அப்படியானால் தவிர்த்துவிடலாமா?

கனமானது உண்மைதான், ஏனென்றால் உங்கள் மென்பொருளோடு முழு க்ரோமியம் உலாவியையும் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸையும் சேர்த்து அனுப்புகிறீர்கள். வெறும் சாளரம் ஒன்றைத் திறந்தாலும் பொதி 100 எம்பியைத் தாண்டும்; பல செயல்முறைகளாக ஓடுவதால் நினைவகமும் நிறையச் செலவாகும். கிட்ஹப் நிறுவனம் ஆட்டம் என்ற நிரல் திருத்திக்காக 2013இல் தொடங்கிய பணி இது. ஆட்டம் 2022 டிசம்பரில் நிறுத்தப்பட்டது, ஆனால் எலக்ட்ரான் விஎஸ் கோடு, ஸ்லாக், டிஸ்கார்ட் ஆகியவற்றின் அடித்தளமாகத் தொடர்கிறது. குழுவில் எல்லோருக்கும் வலைநுட்பம் மட்டுமே தெரியும், இடைமுகம் அடிக்கடி மாறும், பயனர்களிடம் எட்டு ஜிபிக்குக் குறையாத கணினிகள் இருக்கின்றன என்றால் இதைத் தேர்ந்தெடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நான் கவலைப்படுவது கனத்தைப் பற்றி அன்று, பராமரிப்பைப் பற்றி. எட்டு வாரங்களுக்கு ஒரு பெரிய பதிப்பு வருகிறது. கடைசி மூன்று பதிப்புகளுக்கே பாதுகாப்பு ஒட்டுகள் கிடைக்கும். ஒரு கடைக்கு நிறுவிக் கொடுத்துவிட்டு இரண்டு ஆண்டுகள் தொடாமல் விடும் பழக்கம் உள்ளவர்கள், ஓட்டைகள் அறியப்பட்ட ஓர் உலாவியை அங்கே விட்டுவிட்டு வருகிறார்கள் என்பதை உணர வேண்டும்.

டாரி இதற்கு மாற்று. 2022 ஜூனில் முதல் நிலையான பதிப்பும், 2024 அக்டோபரில் இரண்டாம் பதிப்பும் வந்தன. உலாவியைச் சுமந்து செல்லாமல் தளத்தில் இருக்கும் உலாவிப் பொறியையே பயன்படுத்துவதால் பொதி சில எம்பியில் அடங்கிவிடும். ஆனால் விண்டோஸில் வெப்வியூ2, மேக்கில் ஆப்பிளின் வெப்கிட், லினக்ஸில் வெப்கிட்ஜிடிகே என மூன்று வெவ்வேறு பொறிகள். ஒன்றில் சரியாக நிற்கும் பக்கம் மற்றொன்றில் குலையலாம். பின்னணி நிரலுக்கு ரஸ்ட் மொழியும் ஓரளவு தெரிய வேண்டும்.

எனக்குப் பைத்தான் மட்டுமே தெரியும். எதை எடுக்கலாம்?

டிகேயின் பைத்தான் வடிவமான டிகிண்டர் பைத்தானோடு கூடவே வருகிறது. உங்களுக்காக எழுதிக்கொள்ளும் சிறு கருவிகளுக்கு அது போதும். பிறருக்குக் கொடுக்கப்போகும் மென்பொருள் என்றால் பைசைடு6. அது க்யூட்டின் அதிகாரபூர்வமான பைத்தான் இணைப்பு, எல்ஜிபிஎல்லிலும் கிடைக்கும். பைக்யூட்டும் ஏறத்தாழ அதே வகுப்புகளைத் தருகிறது. ஆனால் அதன் உரிமம் ஜிபிஎல் அல்லது வணிகம். நிரலை மூடி விற்க நினைப்பவர்கள், பழைய பாடங்களைப் பார்த்துப் பைக்யூட்டில் தொடங்கிவிட்டு, விற்கும் நாளில் இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்கிறார்கள்.

ஜாவா, சி ஷார்ப் தெரிந்தவர்களுக்கு?

ஜாவாவில் ஸ்விங் என்ற கருவித்தொகுதி இன்னும் ஜாவாவின் உருவாக்கப் பொதியான ஜேடிகேயுடனேயே வருகிறது. இன்டெல்லிஜே போன்ற பெரும் மென்பொருளே அதில்தான் இருக்கிறது. ஜாவாஎஃப்எக்ஸ் 2018இல் ஜாவா 11 முதல் ஜேடிகேயிலிருந்து பிரிக்கப்பட்டதால் தனியாகச் சேர்க்க வேண்டும். சி ஷார்ப்பில் மைக்ரோசாஃப்ட்டின் மாவி என்ற கருவித்தொகுதி லினக்ஸை அதிகாரபூர்வமாக ஆதரிக்காததால், மூன்று தளமும் வேண்டுமானால் அவலோனியாவை எடுக்கலாம். விண்டோஸுக்கான டபிள்யூபிஎஃப் கருவித்தொகுதியில் பழகியவர்களுக்கு, இடைமுகத்தை விவரிக்கும் அவலோனியாவின் எக்ஸாம்எல் எழுத்துமுறை உடனே கைவரும்.

லசாரஸை யாரும் சொல்வதில்லையே?

பாஸ்கல் மொழியில் விண்டோஸ் மென்பொருள் எழுத உதவும் டெல்ஃபியில் பழகிய தலைமுறை எழுதிய மென்பொருள்கள் பல அலுவலகங்களில் இன்னும் ஓடுகின்றன. அவற்றை மூன்று தளத்துக்கும் கொண்டுவர லசாரஸ்தான் நேர்வழி. தொகுத்தால் ஒரே கோப்பு, வேறு எதையும் நிறுவத் தேவையில்லை, பழைய கணினியிலும் கண்மூடித் திறப்பதற்குள் எழும். படிவத்தை இழுத்துப் போட்டு வடிவமைத்து, அரை நாளில் தரவுத்தளத்தோடு இணைத்துவிடலாம். புதிதாக வருபவர்கள் பாஸ்கல் மொழி கற்கத் தயங்குவதுதான் தடை. தனி ஒருவராக, தரவுப் படிவங்கள் நிறைந்த மென்பொருள் எழுதுபவருக்கு இதை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

கைப்பேசிக்கும் சேர்த்து எழுத ஃப்ளட்டர் நல்லதா?

கைப்பேசி முதன்மை, மேசைக்கணினி துணை என்றால் நல்லது. விண்டோஸ் ஆதரவு 2022 பிப்ரவரியிலும், மேக், லினக்ஸ் ஆதரவு அதே ஆண்டு மே மாதத்திலும் நிலையான பதிப்பாக வந்தன. பல சாளரங்கள், அடர்ந்த அட்டவணைகள், விசைப்பலகையிலேயே நாள் முழுதும் வேலை என்றால் வேறு பாருங்கள்.

பயனர்களிடம் இன்னும் விண்டோஸ் 7 இருக்கிறது. என்ன செய்வது?

க்யூட் 6 அதில் ஓடாது. விண்டோஸ் 10 வேண்டும். க்யூட் 5.15 ஓடும். எலக்ட்ரான் 23ஆம் பதிப்பிலிருந்து, அதாவது 2023இல், விண்டோஸ் 7ஐக் கைவிட்டது. டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸும் லசாரஸும் அந்தக் கணினிகளில் ஓடும். ஆனால் பாதுகாப்பு ஒட்டுகள் நின்றுபோன இயங்குதளத்தில் வாடிக்கையாளரின் கணக்குகளை வைத்திருப்பது சரியா என்று அவரிடம் ஒருமுறை மனம்விட்டுப் பேசுவதும் நம் கடமையே. பல இடங்களில் அதே கணினியில் இலகுவான லினக்ஸை நிறுவிக் கொடுப்பது எல்லோருக்கும் நல்லதாக முடிகிறது.

அச்சு எடுப்பதில் கவனிக்க வேண்டியது என்ன?

ஏ4 தாளில் அச்சிட க்யூட், ஜிடிகே, டபிள்யூஎக்ஸ், எலக்ட்ரான் எல்லாவற்றிலும் வசதி உண்டு. கடைகளில் பில் அடிக்கும் சிறு வெப்ப அச்சுப்பொறிதான் வேறு கதை. அதற்கு எழுத்துகளை அனுப்பினால் தன்னுள் இருக்கும் எழுத்துருவில் அச்சிடும். அந்த எழுத்துருவில் பொதுவாகத் தமிழ் இருக்காது. 'நாட்டுச் சர்க்கரை 1 கிலோ' என்று அனுப்பினால் தாளில் கேள்விக்குறிகளோ பொருளற்ற குறிகளோ வரும். ஆகவே பில் முழுவதையும் கருவித்தொகுதியைக் கொண்டு ஒரு படமாக வரைந்து, கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாக்கி அனுப்ப வேண்டும். எண்பது மில்லிமீட்டர் தாளில் பெரும்பாலான அச்சுப்பொறிகளுக்கு அகலம் 576 புள்ளிகள். அந்த அகலத்துக்குப் படம் வரைந்தால் எழுத்து கூர்மையாக விழும். திரையில் காட்டாமல் நினைவகத்திலேயே தமிழை வரைந்து தரும் வசதி கருவித்தொகுதியில் இருக்கிறதா என்பது இதனால் ஒரு தேர்வு அளவுகோல் ஆகிறது. க்யூட்டின் கியூஇமேஜ், கியூபெயின்டர் இரண்டும் இதை நேர்த்தியாகச் செய்கின்றன.

என் கணினியில் ஓடுகிறது, மற்றவர் கணினியில் ஓடவில்லை. ஏன்?

பொதியாக்கத்தைக் கடைசி வேலையாக வைத்ததால். லினக்ஸில் உபுண்டு 24.04இல் தொகுத்த நிரல், அங்குள்ள ஜிலிப்சி என்ற அடிப்படை நிரலகத்தின் 2.39ஆம் பதிப்பை எதிர்பார்க்கலாம், 2.35 மட்டுமே உள்ள உபுண்டு 22.04இல் அது திறக்கவே திறக்காது. நீங்கள் ஆதரிக்க நினைக்கும் மிகப் பழைய பதிப்பில் தொகுத்தால் புதியவற்றிலும் ஓடும். அல்லது தேவையான நிரலகங்களோடு சேர்ந்தே வரும் ஃப்ளாட்பேக் பொதியாகக் கொடுக்கலாம். பைத்தான் நிரல்களைப் பொதியாக்கும் பைஇன்ஸ்டாலர் எந்தத் தளத்தில் ஓடுகிறதோ அந்தத் தளத்துக்கு மட்டுமே பொதி செய்யும். விண்டோஸில் இருந்துகொண்டு மேக்குக்குக் கட்ட முடியாது. மேக்கில் உருவாக்குநரின் மின்கையொப்பமும் ஆப்பிளின் சரிபார்ப்பும் இல்லாத மென்பொருளைத் திறக்கும்போது பயனரை அச்சுறுத்தும் எச்சரிக்கை வரும். அவற்றைப் பெற ஆண்டுக்கு 99 டாலர் உறுப்பினர் கட்டணம் செலுத்த வேண்டும். விண்டோஸிலும் கையொப்பமில்லாத நிறுவிகளை ஸ்மார்ட்ஸ்கிரீன் என்ற அதன் பாதுகாப்பு வசதி தடுத்து நிறுத்தும். எந்தக் கருவித்தொகுதியை எடுத்தாலும் இந்தச் செலவு மாறாது என்பதால், மேக் பயனர்கள் உண்மையிலேயே இருக்கிறார்களா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பொத்தானை அழுத்தியதும் சாளரம் உறைந்துபோகிறது. கருவித்தொகுதியை மாற்றலாமா?

வேண்டாம். இடைமுகத்தை ஓட்டும் இழையிலேயே (த்ரெட்) நீண்ட தரவுத்தள வேலையைச் செய்கிறீர்கள். எந்தக் கருவித்தொகுதியிலும் இது உறையும். அந்த வேலையைத் தனி இழைக்கு மாற்றி, முடிந்ததும் செய்தி அனுப்பச் செய்யுங்கள்.

தவறான ஒன்றில் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போது மாற்றலாமா?

மாற்றலாம், ஆனால் எவ்வளவு ஆழமாக அது உங்கள் நிரலுக்குள் இறங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்து விலை மாறும். கணினிப் பிணையத்தில் போய்வரும் தரவுத் துண்டுகளை ஆராயும் வயர்ஷார்க் 2015 நவம்பரில் வந்த 2.0 பதிப்பில் ஜிடிகேயிலிருந்து க்யூட்டுக்கு மாறியது. அந்தத் துண்டுகளைப் பிரித்துப் படிக்கும் பகுதி இடைமுகத்திலிருந்து தனியாக இருந்ததாலும், டிஷார்க் என்ற கட்டளைவரி வடிவமும் அதே பகுதியைப் பயன்படுத்தி வந்ததாலும், பழைய இடைமுகத்தையும் புதியதையும் சில ஆண்டுகள் அருகருகே வைத்துக்கொண்டு அவர்களால் நிதானமாக மாற முடிந்தது. மறுபுறம் கிம்பைப் பாருங்கள்: ஜிடிகே 3 வந்தது 2011இல், அதன்மேல் அமைந்த கிம்ப் 3.0 வெளிவந்தது 2025 மார்ச்சில். ஒரே கருவித்தொகுதியின் அடுத்த பதிப்புக்குப் போகவே, அதுவும் தனக்காகவே பிறந்த கருவித்தொகுதியில், பதினான்கு ஆண்டுகள் ஆயின.

ஆகவே புதிய கருவித்தொகுதியைத் தொடுவதற்கு முன், பழையதை வைத்துக்கொண்டே ஒரு வேலை செய்யுங்கள். பொத்தானுக்குரிய நிரலுக்குள் எழுதியிருக்கும் தரவுத்தளக் கட்டளைகளையும், வரிக் கணக்கையும், பில் எண் உருவாக்கும் விதியையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, சாளரம் எதுவும் தேவைப்படாத தனிக் கோப்புகளுக்கு நகர்த்துங்கள். கட்டளைவரியில் வாடிக்கையாளர் எண்ணையும் பொருள்களையும் கொடுத்து, ஒரு சாளரம்கூடத் திறக்காமல் முழு பில்லையும் உருவாக்க முடிகிற நாளில் மாற்றத்தைத் தொடங்கலாம்.